ரத்தக்காட்டேரியாக விளையாட எந்த கேம்? பசியை உணர வைத்த ஆர்பிஜிகள் (பாத்திரமேற்று விளையாடும் கேம்கள்) பற்றி ஒரு விவாதம்

#1 இரவுக்குறி

வணக்கம் நண்பர்களே.

ஸ்கைரிம் கேமில், டான்கார்ட் என்ற கூடுதல் கதையைக் காட்டேரிகள் பக்கம் நின்று முடித்தேன். வோல்கிஹார் கோட்டை, ஹார்கான் பிரபு, சிறகு முளைத்த உருவம் எல்லாம் கண்ணுக்கு விருந்து. எனக்கு ரொம்பப் பிடித்தது நம்மோடு வரும் செரானாதான். பகலில் வெளியே வந்தால் தானாக முக்காட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள், வெயிலைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டே கூட நடப்பாள். அவள் காட்டேரி என்பது ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. அவளுக்குப் பக்கத்தில் நடக்கும் என் பாத்திரமும் காட்டேரிதான். ஆனால் அது எதிலுமே தெரியவில்லை.

என்ன மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். வெயிலில் உயிர், மந்திரம், தெம்பு மூன்றும் தானாக ஏறாது. நெருப்பு பட்டால் அதிகம் சுடும். அவ்வளவுதான். கடைக்காரர் வழக்கம்போல வியாபாரம் பேசுகிறார், விடுதியில் அறை தருகிறார்கள், ஜார்ல் (ஊரை ஆள்பவர்) கூப்பிட்டுப் பட்டம் கொடுக்கிறார். 2011-ல் கேம் வந்த புதிதில், ரத்தம் குடிக்காமல் பசியின் கடைசிக் கட்டமான நான்காம் கட்டத்துக்குப் போய்விட்டால் ஊர்க்காரர்கள் பார்த்ததுமே தாக்க வருவார்கள். 2012-ல் டான்கார்ட் வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். விளையாட வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொல்லையோடு சேர்ந்து காட்டேரியும் போய்விட்டது.

என் கருத்து இதுதான். காட்டேரியாக விளையாடுகிறோம் என்றால், சாதாரண மனிதர் யோசிக்காமல் செய்யும் ஏதாவது ஒரு காரியம் நமக்குக் கஷ்டமாக வேண்டும். பேசுவது, கடைக்குப் போவது, தூங்குவது, ஒருவர் வீட்டுக்குள் நுழைவது, ஏதோ ஒன்று. அது இல்லாவிட்டால் சிவப்புக் கண் வைத்த மந்திரவாதியாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி உணர வைத்த கணினி ஆர்பிஜி எது? பழையது, புதியது எதுவானாலும் சொல்லுங்கள். ஸ்பாய்லர் பற்றி எனக்குக் கவலை இல்லை.

#2 பழையவட்டு

பிளட்லைன்ஸ். முழுப்பெயர் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’. 1991-ல் வந்த மேசை ஆர்பிஜியின் உலகத்தை வைத்து எடுத்தது. 2004 நவம்பர் 16, அதாவது ஹாஃப்-லைஃப் 2 வந்த அதே நாளில் வெளியானது. முதல் ஃபால்அவுட்டில் வேலை பார்த்த டிம் கெய்ன், லியோனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூவரும் ஆரம்பித்த ட்ரொய்கா நிறுவனம்தான் எடுத்தது. சோர்ஸ் எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) முழுதாகத் தயாராகும் முன்பே அதன் மேல் கட்டிய கேம், அதனால் பிழைகளும் நிறைய. 2005-ல் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். இருபது வருஷம் தாண்டியும் ஆட்கள் இதை விடாமல் விளையாடுகிறார்கள் என்றால், நீங்கள் கேட்ட அந்தக் கஷ்டம் இதில் ஒழுங்காக இருப்பதுதான் காரணம்.

கதை லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. சாண்டா மோனிகா, டவுன்டவுன், ஹாலிவுட், சைனாடவுன் என்று நான்கு பகுதி. அனுமதி இல்லாமல் நம்மைக் காட்டேரி ஆக்கியவரின் தலையை முதல் காட்சியிலேயே எடுத்துவிடுகிறார்கள். நம்மை மட்டும் இளவரசர் லக்ரோய் உயிரோடு விடுகிறார். அங்கிருந்து அவர் சொன்ன வேலையைச் செய்து பிழைக்க வேண்டும்.

இதில் மூன்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முதலாவது ரத்தம். சக்திகளைப் பயன்படுத்தினால் அது செலவாகும். இரண்டாவது மனிதத்தன்மை. அப்பாவிகளைக் கொன்றால் இறங்கும். மூன்றாவது மாஸ்கரேட், அதாவது காட்டேரிகள் இருப்பதே மனிதர்களுக்குத் தெரியக் கூடாது என்ற சட்டம். நாலு பேர் பார்க்கச் சக்தியைக் காட்டினால் ஒரு மீறல். ஐந்து மீறல் ஆனால் அங்கேயே கேம் ஓவர். இப்போது இவை பின்னிக்கொள்வதைப் பாருங்கள். ரத்தம் வற்றியிருக்கும்போது அடிபட்டால் வெறி பிடிக்கலாம். மனிதத்தன்மை குறைவாக இருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். வெறி பிடித்தால் பாத்திரம் நம் கையை விட்டுப் போய் கண்ணில் பட்டவர் மேல் பாயும். அப்பாவி செத்தால் மனிதத்தன்மை மறுபடி இறங்கும், நடுத்தெருவாக இருந்தால் மீறலும் சேரும். பசியைக் கவனிக்காமல் விட்டது ஒரு தப்பு, அதற்கு மூன்று இடத்தில் கடன் கட்ட வேண்டும்.

ரத்தம் குடிப்பதே தனி அனுபவம். சந்தில் ஒருவரைப் பிடித்தால் அவருடைய ரத்த அளவு திரையில் இறங்கும், நம்முடையது ஏறும். எங்கே நிறுத்துவது என்பது நம் விரலில் இருக்கிறது. விட்டுவிட்டால் அவர் மயக்கமாக நின்று, பிறகு தன் பாட்டுக்கு நடந்து போவார். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் பிணம். கேம் எச்சரிக்காது, தடுக்காது.

ஹெதரைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். சாண்டா மோனிகா மருத்துவமனையில் சாகக் கிடக்கும் பெண். நம் ரத்தத்தைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள். அப்புறம் நம்மைத் தேடி வந்து, கூடவே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவாள். வைத்துக்கொண்டால் படிப்புக்கு வைத்திருந்த பணத்தைத் தருவாள். ஒரு நாள் நமக்கு இரையாக ஓர் ஆளைக் கூட்டி வந்து குளியலறையில் பூட்டி வைத்திருப்பாள், பாராட்டை எதிர்பார்த்து நிற்பாள். அந்தப் பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நம் ரத்தம். கடைசி வரை அனுப்பாமல் வைத்திருந்தால் எதிரிகள் கையில் சாகிறாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு போகச் சொன்னால்தான் பிழைக்கிறாள். ‘நல்லது செய்தேன்’ என்று நினைத்த ஒரு காரியம் இவ்வளவு தூரம் இழுக்கும் என்று முதல் தடவை விளையாடும் யாருமே நினைக்க மாட்டார்கள்.

#3 செம்பருத்தி

அண்ணா சொன்னதற்கு மேல் ஒன்று: குலத்தைப் பார்த்து எடுங்கள். ஏழு குலத்தில் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து கஷ்டமே வேறாகிவிடும்.

பசிதான் வேண்டும் என்றால் வெண்ட்ரூ. பிரபுக்கள் குலம், வாய் உயர்ந்த வாய். எலி ரத்தம் ஒத்துக்கொள்ளாது, தெருவோரம் கிடப்பவர்களின் ரத்தமும் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுத்துவிடும். மற்றவர்கள் சாக்கடை எலியைப் பிடித்துச் சமாளிக்கும் இடத்தில் நாம் நல்ல உடை போட்ட ஆளைத் தேடி இரவுவிடுதி வாசலில் நிற்க வேண்டும்.

இழப்புதான் வேண்டும் என்றால் நோஸ்ஃபெராட்டு. முகமே கோரம். மனிதர் யாராவது பார்த்தாலே மாஸ்கரேட் மீறல். அதனால் ஊருக்கு அடியில் சாக்கடை வழியாகவே போக்குவரத்து. சாண்டா மோனிகா கடற்கரைத் தெரு எவ்வளவு அழகு! அதில் நிமிர்ந்து நடக்கவே முடியாது. மற்றவர்கள் சிரித்துப் பேசி முடிக்கும் வேலையை நாம் ஜன்னல் வழியாக நுழைந்து முடிக்க வேண்டியிருக்கும்.

மல்கேவியனை மட்டும் இரண்டாவது தடவைக்கு வையுங்கள். சித்தம் கலங்கிய குலம். அவர்களுக்கு வசனம் முழுக்கவே வேறு. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் நம்மிடம் பேசுவார், தெருவில் இருக்கும் ‘நில்’ பலகையோடு சண்டை போடலாம். ஆனால் அந்த உளறலில் பாதி, பின்னால் வரப்போகும் ரகசியம். கதை தெரிந்த பிறகு கேட்டால்தான் அது புரிந்து உடம்பு சிலிர்க்கும்.

#4 கல்மண்டபம்

பிளட்லைன்ஸ் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வி. அந்த கேமில் வெயில் எங்கே? எப்போதுமே இரவுதான். ஒரு வேலையை முடித்தால் அடுத்த வேலை, அதுவும் இரவு. பொழுது விடிந்துவிடுமோ என்று ஒரு தடவைகூட ஓட வேண்டியதில்லை. காட்டேரிக்குப் பகல் இல்லை என்பது இழப்பு என்றால், அந்த இழப்பை நாம் உணர ஒரு பகலாவது வர வேண்டும்.

இரவுக்குறி ஸ்கைரிமோடு நிறுத்திவிட்டார். அதே தொடரில் பின்னால் போய்ப் பாருங்கள்.

மோரோவிண்ட், 2002. நோய் தொற்றினால் மூன்று நாள் அவகாசம், அதற்குள் குணப்படுத்தாவிட்டால் காட்டேரி. யாரிடமிருந்து தொற்றியதோ அந்தக் குலம் நம் குலம்: ஆன்டே, பெர்ன், குவாரா. இதில் ரத்தம் குடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அது ஒரு குறை. ஆனால் ஊருக்குள் போய்ப் பாருங்கள். நேற்று வரை ‘வாருங்கள்’ என்ற ஆள் இன்று ‘போ வெளியே’ என்பார். மிகச் சிலரைத் தவிர யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொருள் விற்க முடியாது, சில்ட் ஸ்ட்ரைடர் என்ற சவாரிப் பூச்சியில் ஏற்ற மாட்டார்கள், குவெஸ்ட் (கேமில் முடிக்க வேண்டிய வேலை) கொடுத்தவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெயில் தோலை எரிக்கும். நாம் யாரைக் காப்பாற்ற வந்தோமோ அந்தத் தீவே நம்மைத் தள்ளி வைத்துவிடும். குணமாக வேண்டும் என்றால் மோலாக் பால் என்ற அசுர தெய்வத்தின் சன்னதியைத் தேடிப் போய், அவர் சொன்னபடி அவருடைய மகளையே கொல்ல வேண்டும்.

ஆப்ளிவியன், 2006. இங்கே நான்கு கட்டம்: 25, 50, 75, 100 சதவீதம். ரத்தம் குடிக்காத ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம் ஏறும். தூங்குபவரிடம்தான் குடிக்க முடியும். 25-ல் இருக்கும்போது வெயில் ஒன்றும் செய்யாது. அதற்கு மேல் போனால் எரிக்கும், 100-ல் யாரும் பேசவே மாட்டார்கள். ஆனால் ஏற ஏற நம் சக்தியும் கூடும். அதாவது பட்டினி கிடந்தால் பலம், குடித்தால் மனித முகம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

#5 இரவுக்குறி

எல்லோருக்கும் நன்றி. மோரோவிண்ட் பற்றிப் படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது.

ஆனால் கல்மண்டபம், பட்டினி கிடந்தால் பலம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்கைரிமிலும் அதே கணக்குதான். பசித்தவர் வாடித்தானே போக வேண்டும்? குடித்தால் பலவீனம், குடிக்காவிட்டால் வலிமை என்றால் குடிக்கவே தோன்றாது. எனக்கு ஸ்கைரிமில் அதுதான் நடந்தது. குடிக்கக் காரணமே இல்லை, அதனால் பசி என்ற உணர்வே வரவில்லை. பிளட்லைன்ஸ் மாதிரி ரத்தம் தீர்ந்தால் கை ஓய்ந்துபோவதுதான் சரி என்று படுகிறது.

#6 கல்மண்டபம்

ஸ்கைரிமில் குடிக்கக் காரணம் இல்லாமல் போனதற்கு அந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மக்கள் நம்மை ஒதுக்குவதை நீக்கிவிட்டார்கள், வெயில் கொல்வதில்லை. தராசின் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, மறு தட்டு மட்டும் ஏன் இறங்கிக் கிடக்கிறது என்றால் எப்படி?

ஆப்ளிவியனில் இரண்டு தட்டும் இருக்கிறது. நான்கு நாள் குகைக்குள் சண்டை போட்டுவிட்டு வெளியே வருகிறேன். 100 சதவீதம். கன்னம் ஒட்டி, கண் சிவந்து, முகம் கிழடு தட்டிவிட்டது. கை நிறையப் பொருள், விற்க ஆள் இல்லை. பகலில் இறங்கினால் எரிந்து சாவேன். அதனால் குகை வாசலிலேயே பொழுது சாயக் காத்திருந்து, இருட்டில் ஊருக்குள் நுழைந்து, தெருவோரம் படுக்கை விரித்துத் தூங்கும் பிச்சைக்காரரைத் தேடி, குனிந்து, குடித்து, விடிந்ததும் கடைக்காரரிடம் போய் நல்ல மனிதராகச் சிரிக்க வேண்டும். ஊரிலேயே ஏழையாக இருப்பவரின் ரத்தத்தில்தான் என் முகம் திரும்பி வருகிறது. இங்கே பசி வயிற்றில் இல்லை. மனிதர்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசைதான் பசி. இதை நான் வேறெந்த கேமிலும் பார்த்ததில்லை.

ஆப்ளிவியனில் வரும் ஸ்கின்கிராட் ஊர்ப் பிரபு ஜேனஸ் ஹாசில்டோர் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் காட்டேரி, ஊருக்குத் தெரியாமல் ஆள்கிறார். அவர் மனைவி ரோனா ரத்தம் குடிக்க மறுத்து, நினைவே இல்லாமல் கிடக்கிறார். நமக்கான மருந்தைத் தேடும் குவெஸ்ட்டே அந்த அம்மாள் நிம்மதியாகக் கண்மூடுவதற்கான வேலைதான். டிரேக்லோவில் இருக்கும் மெலிசாண்டே என்ற சூனியக்காரி, பூண்டு, நைட்ஷேட், ஆர்கோனியன் (பல்லி மனிதர்) ரத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அலைச்சல் அதிகம். அந்த அலைச்சல் முடிந்து ரோனா ஒரு நிமிடம் கண் விழிக்கும்போது, குடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒரு காட்டேரிக்கு எவ்வளவு விலை என்று புரியும்.

#7 மருதாணி

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2018-ல் டோன்ட்நாட் எடுத்த ‘வாம்பயர்’ (Vampyr). இரவுக்குறி கேட்ட கேள்வியை மட்டுமே வைத்து ஒரு முழு கேமைக் கட்டியிருக்கிறார்கள்.

1918, லண்டன், ஸ்பானிஷ் காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கிறது. நம் பாத்திரம் ஜோனதன் ரீட், ரத்தம் பற்றி ஆராய்ந்த மருத்துவர். பிணக்குழியில் காட்டேரியாகக் கண் விழிக்கிறார், பசியில் முதலில் கைக்குக் கிடைத்த ஆளைக் கடிக்கிறார், அது அவருடைய சொந்தத் தங்கை. அப்புறம் பெம்புரோக் மருத்துவமனையில் இரவு வேலைக்குச் சேர்கிறார். உயிரைக் காப்பாற்றும் கையும் உயிரை எடுக்கும் பல்லும் ஒரே ஆளுக்கு.

லண்டனில் நாம் சந்திக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு, ரகசியம் உண்டு. ஏறக்குறைய யாரை வேண்டுமானாலும் கடித்துக் கொல்லலாம். கொன்றால் எவ்வளவு அனுபவப் புள்ளி கிடைக்கும் என்று முன்கூட்டியே திரையில் காட்டும். குரூரம் இனிமேல்தான். அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, ரத்தத்தின் மதிப்பு ஏறும். அவருக்குச் சளி, தலைவலி என்று ஏதாவது இருந்தால் நாமே மருந்து தயாரித்துக் கொடுத்துக் குணமாக்கினால் இன்னும் ஏறும். ஆக, நல்ல மருத்துவர் செய்யும் காரியம் எல்லாமே இரையைக் கொழுக்க வைக்கும் காரியம். இருமிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மருந்து கொடுத்துவிட்டு, அவர் நன்றி சொல்லும்போது, அவர் பெயருக்குக் கீழே எண் கூடியிருப்பதைப் பார்த்தேன். நான் எதற்காக மருந்து கொடுத்தேன் என்று என்னையே கேட்க வைத்தது அந்த எண்.

கடித்தால் அவர் மனதில் கடைசியாக ஓடும் வார்த்தைகள் நம் காதில் கேட்கும். மறுநாள் இரவு அவரைத் தெரிந்தவர்கள் தேடுவார்கள், அழுவார்கள், கடை பூட்டியிருக்கும். முக்கியமான ஆட்கள் போய்விட்டால் அந்த வட்டாரத்தின் நிலை சரியும். ஒரு கட்டத்தில் வட்டாரமே கைவிட்டுப் போய்விடும். நாமாக சேவ் செய்ய வழி கிடையாது, எல்லாம் தானாகப் பதிவாகும். செய்தது செய்ததுதான்.

யாரையும் கடிக்காமல் முடிக்கலாம். ஆனால் எதிரிகள் நம்மைவிட எத்தனையோ லெவல் மேலே நிற்பார்கள், ஒவ்வொரு சண்டையும் உயிர் போய் உயிர் வரும். எளிதாக வேண்டுமா, பக்கத்துத் தெருவில் ஒருவர் தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பேசு என்று கேம் சொல்கிறது. இதற்கு மேல் என்ன பசி வேண்டும்?

#8 செம்பருத்தி

மருதாணி, யோசனை அபாரம், ஒத்துக்கொள்கிறேன். யாரையும் கடிக்காமல் முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிரச்சினை சண்டைதான். உருளு, அடி, உருளு, அடி. அது நன்றாக இருந்திருந்தால் கஷ்டத்தைத் தாங்கலாம். பேச்சும் லண்டனும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கீழே இருக்கிறது சண்டை. சில இடங்களில் மனசாட்சிக்காகக் கடிக்காமல் இருக்கிறேனா, அல்லது அடம் பிடிக்கிறேனா என்றே தெரியவில்லை.

#9 பழையவட்டு

இங்கே ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. பிளட்லைன்ஸில் ஆளைக் கொன்றால் ஒரு அனுபவப் புள்ளிகூடக் கிடைக்காது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்தால் மட்டும்தான் புள்ளி. பேசி முடித்தாலும், பதுங்கிப் போனாலும், சுட்டுத் தள்ளினாலும் பெரும்பாலும் வேலைக்குத்தான் கூலி. அதனால் ரத்தம் குடிப்பது பிழைப்புக்காக மட்டும், வளர்ச்சிக்கு இல்லை. ‘வாம்பயர்’ நேர் எதிர்த் திசையில் போகிறது, வளர்ச்சியே ரத்தத்தில்தான். முதல் வகையில் பசி ஒரு தினசரித் தொல்லை. இரண்டாவதில் அது ஆசை காட்டிக்கொண்டே இருக்கிறது. இரவுக்குறி, உங்களுக்கு எது வேண்டும் என்று பாருங்கள். எனக்குத் தினசரித் தொல்லைதான் உண்மையாகப் படுகிறது. காட்டேரி ஒவ்வொரு இரவும் பெரிய தர்மசங்கடத்தில் நிற்காது. இன்றைக்கு யார் என்று பார்க்கும், அவ்வளவுதான்.

#10 மருதாணி

அதில்தான் நான் மாறுபடுகிறேன். பெயர் தெரியாத ஆளைச் சந்தில் பிடித்துப் பாதியில் விட்டுவிட்டால் மனதில் எதுவுமே நிற்காது. பத்துப் பேரைக் கடித்த பிறகு அது தண்ணீர்க் குழாயைத் திறப்பது மாதிரிதான். ஹெதர் ஏன் நினைவில் நிற்கிறாள்? பெயர் இருப்பதால், பேசியதால். அந்த ஒரு ஹெதரை எடுத்து ஊர் முழுக்க வைத்ததுதான் ‘வாம்பயர்’ செய்தது.

#11 ஒற்றைவிளக்கு

வெயில் பற்றிக் கல்மண்டபம் கேட்டதற்காக மட்டும் ஒன்று சொல்கிறேன். வி ரைசிங் ஆர்பிஜி என்பதைவிட உயிர்பிழைப்பு கேம், 2024-ல் முழுதாக வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வெயிலை இவ்வளவு நன்றாக வேறு யாரும் செய்யவில்லை. பகலில் மர நிழலுக்கு மர நிழல் தாவித்தான் போக முடியும். பொழுது நகர நகர நிழலும் நகரும், நின்ற இடத்திலேயே நின்றால் எரியும். கோட்டை கட்ட மரம் வெட்டினால் அந்த நிழலும் போச்சு. பையில் வெள்ளிக் காசு இருந்தால் அதுவே உடம்பைச் சுடும். நண்பர்களோடு விளையாட நல்ல தேர்வு.

#12 பாதிநிலா

பால்டர்ஸ் கேட் 3-ஐ யாரும் தொடவில்லையே? அதில் அஸ்டாரியன் என்ற தோழனையே நம் பாத்திரமாக எடுத்து விளையாடலாம். அவன் முழுக் காட்டேரி இல்லை, கசடோர் என்ற காட்டேரிப் பிரபுவின் அடிமை. இருநூறு வருஷம் எலியும் பூச்சியும்தான் சாப்பாடு. மூளைக்குள் புகுந்த புழுவின் தயவில் இப்போது வெயிலில் நிற்கிறான், ஓடும் தண்ணீரைத் தாண்டுகிறான், அழைக்காத வீட்டுக்குள் நுழைகிறான்.

அவனாக விளையாடும்போது முகாமில் ஒரு இரவு வரும். தோழர்கள் தூங்குகிறார்கள், யாரைக் கடிப்பது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். கடிபட்டவர் மறுநாள் ரத்தம் குறைந்து தளர்ந்து நிற்பார், எல்லாப் பகடையிலும் ஒன்று குறையும். கடித்த நமக்கு அன்றைக்குப் பகடை ஏறும். சக்தி நமக்கு, நஷ்டம் அதே குழுவுக்கு. பிளட்லைன்ஸில் தெருவில் போகிறவர் தருகிற விலையை இங்கே நம்மோடு சண்டை போடும் தோழர் தருகிறார்.

அப்புறம் மூன்றாம் அத்தியாயத்தில் கசடோரின் அரண்மனை. ஏழாயிரம் பேரைப் பலி கொடுத்தால் வெயிலும் பசியும் தொடாத முழுக் காட்டேரி ஆகலாம். அந்தக் கூண்டுகளில் அடைபட்டிருப்பவர்களில் சிலரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது அஸ்டாரியன்தான், அவர்களுக்கு அவனை அடையாளம் தெரிகிறது. அவர்களிடம் பேசிவிட்டு மேலே போய் முடிவெடுங்கள்.

#13 கல்மண்டபம்

பாதிநிலா சொன்ன அந்த முகாம் இரவு நல்ல இடம். ஆனால் புழு எல்லாக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிடுகிறது. எழுத்தாகப் பார்த்தால் அஸ்டாரியன் மிகச் சிறந்த காட்டேரி. விளையாட்டு விதியாகப் பார்த்தால் அவன் கடிக்கத் தெரிந்த கள்வன். பட்டினி போட்டால் அவனுக்கு ஒன்றுமே ஆவதில்லை.

#14 இரவுக்குறி

இழை இவ்வளவு தூரம் போகும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பிளட்லைன்ஸ் தொடங்கிவிட்டேன். வெண்ட்ரூ எடுத்தேன். அதிகாரப்பூர்வமில்லாத பேட்சோடுதான். இத்தனை வருஷமாக ரசிகர்கள் அதைத் திருத்திக்கொண்டே வருவதற்குப் பெரிய நன்றி சொல்ல வேண்டும்.

சாண்டா மோனிகா முடிந்து டவுன்டவுனில் இருக்கிறேன். பேய் உலவும் ஓஷன் ஹவுஸ் ஹோட்டல் பற்றி யாரும் முன்னாலேயே சொல்லாதது நல்லதாயிற்று. சண்டை போட அங்கே யாருமே இல்லை. விளக்கு உடைகிறது, சட்டி பறக்கிறது, நடைக்கூடத்தின் கோடியில் யாரோ ஓடுகிறார்கள். நானே செத்தவன், ரத்தம் குடிப்பவன், அந்த வீட்டில் நான் பயந்து நடக்கிறேன். காட்டேரிக்கும் மேலே பயப்பட ஒன்று உண்டு என்று காட்டியவுடன் இந்த உலகம் பெரிதாகிவிட்டது.

பசி விஷயத்தில் செம்பருத்தி சொன்னது அப்படியே நடக்கிறது. ரத்தம் ஒரு சொட்டுதான் மிச்சம், எதிரே ஒரு எலி ஓடுகிறது, என்னால் குடிக்க முடியாது. சாண்டா மோனிகாவில் இருக்கும் அசைலம் இரவுவிடுதிக்குத் திரும்பிப் போய், நடனமாடும் கூட்டத்தில் யார் தனியாக வருவார் என்று பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் என் பாத்திரத்துக்கு வேறு நோக்கம் இருக்கிறது. சாதாரணப் பேச்சே கஷ்டமாகிவிட்டது. நான் இந்த இழையைத் தொடங்கியபோது கேட்டது இதைத்தான்.

ஹெதரைக் காப்பாற்றினேன். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அனுப்ப வேண்டும் என்று தெரியும், மனம் வரவில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது?

இன்னொன்று, நான் பேச்சுக்கும் வசீகரத்துக்கும்தான் புள்ளி போட்டிருக்கிறேன். பின்னால் சண்டை அதிகம் என்று பல இடங்களில் படிக்கிறேன். தாங்குமா?

#15 பழையவட்டு

ஹெதர் விஷயத்தில் அவசரம் இல்லை, ஆனால் கதையின் பின்பாதி வரை தள்ள வேண்டாம். டவுன்டவுன் வேலைகள் முடிந்து ஹாலிவுட் பக்கம் போகும்போதே பேசி அனுப்பிவிடுங்கள். அழுவாள். பாதி மனதோடு பேசினால் போக மாட்டாள், கடுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

சண்டை பற்றி. பேச்சுப் பாத்திரம் சைனாடவுன் வரைக்கும் அழகாக ஓடும், கடைசிப் பகுதியில் திணறும். அங்கே பேசித் தப்பிக்கும் வழி குறைவு, இந்த கேமின் பெரிய குறையே அதுதான். அதற்கும் முன்னால் ஹாலிவுட் சாக்கடை இருக்கிறது. நீளமான இடம், வரிசையாக மிருகங்கள், பேச்சுக்கு ஒருவரும் இல்லை. வெண்ட்ரூவுக்கு ஃபார்ட்டிட்யூட் என்ற சக்தி இருக்கிறது, அடி தாங்கும், அதில் இப்போதே புள்ளி போட ஆரம்பியுங்கள். டாமினேட் (மனதை ஆட்டுவிக்கும் சக்தி) மனிதர்கள் மேல் பிரமாதமாக வேலை செய்யும். கூடவே கைச்சண்டை ஆயுதம் ஏதாவது ஒன்றில் கொஞ்சம் ஏற்றுங்கள், ஆரம்பத்தில் துப்பாக்கியைவிட அது நம்பகம்.

ரத்தம்தான் முக்கியம். சாக்கடையில் உங்கள் குலத்துக்கு ஒத்துவரும் இரை கிடைக்காது. சாண்டா மோனிகா மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், கீழ்த்தளத்தில் ரத்த வங்கியில் இருக்கும் வாண்டலிடம் ரத்தப் பைகளை வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் பேசுவதைக் கேட்கவே அருவருப்பாக இருக்கும், பொறுத்துக்கொண்டு வாங்குங்கள். சாக்கடைக்குள் இறங்கும் முன் தனியாக ஒரு சேவ் போடுங்கள், அதன் மேல் வேறு எதையும் எழுத வேண்டாம்.